ஒரே ஆட்டத்தில் நாற்பத்தெட்டு விக்கெட்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். இப்போதெல்லாம் இடமாற்றம் வேண்டுமென்றால் கணினியில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். 'காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டால் நான்கே நான்கு காரணங்கள் விழுகின்றனவாம். நோய், கணவன் மனைவி ஒரே ஊரில் வேலை, பிள்ளைகள் படிப்பு, இதர.

"இதரன்னு போட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்களாம் சார். உங்க காலத்துல என்ன காரணம் எழுதுவீங்க?"

"ஓபனிங் பவுலர்னு எழுதுவோம்மா."

பிறகு, "உடம்பெல்லாம் நல்லாருக்கீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணல். அது ஏன் கோணலானது என்று கேட்பவர்களுக்கும், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் பாண்டிச்சேரியில், நாங்கள் காரைக்காலில், கிளைகள் மாஹேயிலும் ஏனாமிலும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் ஆட்சிப்பகுதியின் விசித்திரம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரே அரசாங்கம், ஆனால் நான்கு மூலையில் நான்கு துண்டு. மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. காரைக்காலை அடுத்த சுரக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பக்கத்துத் திருவாரூருக்கு மாற்றல் கிடைக்காது, ஏனாமுக்குக் கிடைக்கும். பஸ் பிடித்து, மெட்ராஸ் போய், ரயில் ஏறி, காக்கிநாடாவில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் ஏனாம். போய் இறங்கியதும் தண்ணீர் கேட்பதற்கே தெலுங்கு வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், இளநிலை எழுத்தராக. முதல் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டவை: கோப்பில் நூல் கட்டுவது, மேலதிகாரி வரும்போது நிமிர்ந்து உட்காருவது, மனு எழுதுவது. மூன்றாவது எனக்குக் கைவந்துவிட்டது. இடமாற்ற மனுவா, மாரிமுத்துவிடம் போ என்பார்கள். 'மனு மாரிமுத்து' என்றே பெயர். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு.

அப்போது எங்களுக்கு மேலே இருந்த பொறியாளருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். அலுவலகத்துக்கு ஒரு அணி இருந்தது. எழுதுகோல் பிடித்தவன் என்பதால் என்னை அதற்கு மேலாளராகப் போட்டிருந்தார். எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒருவர், காதர் பாய். கிடங்கில் வேலை. ஆறடிக்கு மேல் உயரம். ஒரு வருடம் நாகப்பட்டினத்து அணியோடு ஆடியபோது காதர் பாய் ஒருவரே எட்டு விக்கெட் எடுத்தார். பொறியாளர் மைதானத்துக்குள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கையோடு, "இன்னொரு காதர் கிடைச்சா எங்க இருந்தாலும் இங்க இழுத்துப் போட்டுக்கலாம்யா," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தை மாஹேக்குப் போனது, ஏனாமுக்குப் போனது, பாண்டிக்கும் போனது. வெளியூரில் கிடந்து தவித்த காரைக்கால்காரர்கள் எல்லோரும் ஒரே இரவில் வேகப்பந்து வீச்சாளர்கள் ஆனார்கள்.

முதலில் வந்தவர் லூர்துசாமி. மாஹேயில் தலைமை எழுத்தர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அண்ணன் கொடுத்த பட்டாளத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பந்து வீசுவேன் என்று வந்து நின்றார். அடுத்து பாண்டியிலிருந்து மூன்று பேர். அவர்களுக்கு ஏதோ ஓரளவு வீச வரும்.

ஐந்தாவது ஆள் செல்வராசு. இந்தக் கதையே அவனுடையதுதான். சுரக்குடி விவசாயக் குடும்பம். ஏனாமில் நான்கு வருடமாக இருந்தான். மனைவி திருநள்ளாறு பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை, அதனால் அவளால் இடம் பெயர முடியாது. விடுப்பில் வந்தவன் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"அண்ணே, புள்ள என்னை மாமாங்கிறாண்ணே."

"ஏன்டா?"

"வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்களை எல்லாம் மாமான்னு கூப்புடணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. நானும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர்றேன், பிஸ்கோத்து குடுக்கிறேன், போயிடறேன். அவன் என்னண்ணே பண்ணுவான்?"

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"பந்து வீசத் தெரியுமாடா?"

"கல்லு வீசுவேண்ணே. மாங்காய்க்கு."

"போதும்" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்தேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல எழுத்தர் ஒவ்வொரு மனுவையும் புதிதாக யோசிக்க மாட்டான். ஒரு வரைவை நன்றாகச் செதுக்கி வைத்துக்கொள்வான், பெயரையும் பதவியையும் மட்டும் மாற்றுவான். நானும் அப்படித்தான். லூர்துசாமிக்காகக் கண்ணும் கருத்துமாக எழுதிய வரைவு அப்படியே இருந்தது. பாண்டிக்காரர்கள் மூவருக்கும் அதுவே போயிருந்தது, இப்போது அதில் செல்வராசுவின் பெயரைப் போட்டேன். இரண்டே மாதத்தில் உத்தரவு வந்தது. அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பத்தாவது நாள் பிள்ளை அவனை அப்பா என்று கூப்பிட்டதாம். அதைச் சொல்ல அலுவலகத்துக்கு ஓடி வந்தான். எனக்கும் கண் கலங்கியது.

இப்போது அணியில் தொடக்கப் பந்து வீச்சாளர்கள் மட்டும் ஆறு பேர். விக்கெட் கீப்பர் கிடையாது, ஏனென்றால் எந்த மனுவிலும் நான் அப்படி எழுதவில்லை. புதுப் பந்து யார் கையில் என்று முதல் நாளே தகராறு. அரசு அலுவலகம் அல்லவா, தீர்வும் அரசு முறையில்தான் வந்தது. பணிமூப்புப் பட்டியலைக் கொண்டு வரச் சொன்னார்கள். வேலையில் சேர்ந்த தேதிப்படி லூர்துசாமி முதலில் வீசுவார், கடைசியில் சேர்ந்த காதர் பாய் ஆறாவதாக வீசுவார் என்று முடிவானது. காதர் பாய் கைக்குப் பந்து வரும்போது அது கந்தல் துணி மாதிரி ஆகியிருக்கும்.

இந்தச் சமயத்தில் பழைய பொறியாளர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சின்ன உருவம். முழுக்கை வெள்ளைச் சட்டை. அலுவலக நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருவார். மேசையில் இடது பக்கம் பிளாஸ்க், வலது பக்கம் மர ஸ்கேல். கோப்பைப் படிக்கும்போது ஸ்கேலை ஒரு வரிக்கு அடியில் வைப்பார், படித்து முடித்ததும் அடுத்த வரிக்கு இறக்குவார். எங்கேயாவது ஸ்கேல் நின்றால் எழுதியவனுக்கு மூச்சு நிற்கும். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். "அப்படியா" என்பார், அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வுக்குப் பயந்து ஒருவர் மருத்துவ விடுப்பில் போனார்.

வந்த மாதத்திலேயே நாகப்பட்டினத்து அணியோடு ஆட்டம். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். பணிமூப்புப்படி ஒவ்வொருவராக வீசினார்கள். செல்வராசு முறை வந்தபோது மட்டும் அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தபடி வயிற்றுவலி வந்தது. பின்னால் பந்து பிடிக்க ஆளில்லாததால், மட்டையில் படாத பந்தெல்லாம் கருவேலங்காட்டுக்குப் போனது. எதிரணிக்காரர்கள் மட்டையைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு ஓடி ஓடியே ஜெயித்தார்கள். கடைசியில் பந்து கிடைக்கவே இல்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு டீமுக்கு ஓபனிங் பவுலர் எத்தனை பேருங்க வேணும்?"

"ரெண்டு பேருங்க."

"நம்மகிட்ட?"

"ஆறு பேருங்க."

"அப்படியா."

பிறகு ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பாண்டியிலிருந்து வந்திருந்தது. ஏனாம் கிளையில் ஓர் ஆள் குறைகிறது, காரைக்காலில் ஆள் கூடுதலாக இருப்பதால் ஒருவரை உடனே அனுப்பவும் என்று இருந்தது.

"அணியில மிகையா இருக்கிறவங்கள்ல ஒருத்தரை அனுப்பிடலாம். தேர்வு வெச்சுப் பாப்போம். பத்து நாள் டைம் தர்றேன்," என்றார்.

ஆறு பேரில் கடைசியாக வரப்போவது யார் என்று எனக்குத் தெரியும். அவன் ஏனாமுக்குப் போவான், பிள்ளை மறுபடி மாமா என்று கூப்பிடும். அந்த மனுவை எழுதியவன் நான்.

மறுநாள் காலையிலிருந்து அரசலாறு கடலில் சேரும் இடத்து மணலில் செல்வராசுவுக்குப் பயிற்சி. காதர் பாய்தான் குரு. செல்வராசு முப்பது அடி தூரத்திலிருந்து புயலாக ஓடி வருவான். கோட்டருகே வந்ததும் நிற்பான். மூச்சு வாங்குவான். பிறகு மாங்காய் அடிப்பது போல வீசுவான்.

"தம்பி, நின்னுட்டுத்தான் போடுவேன்னா எதுக்கு அம்புட்டுத் தூரம் ஓடியார்றீங்க?" என்று காதர் பாய் கேட்டார்.

"எல்லாரும் ஓடுறாங்களே பாய்."

பத்து நாளில் நிற்காமல் ஓடக் கற்றுக்கொண்டான். ஆனால் இப்போது பந்தை விட மறந்து, கையில் பந்தோடு அந்தப் பக்கம் போய் நிற்பான்.

தேர்வு நாளும் வந்தது. அதை அவர் நடத்திய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் சுற்றறிக்கை, ஆறு பேரும் பார்த்ததற்குக் கையெழுத்து. கிடங்கிலிருந்து புதுப் பந்து வாங்க வேண்டும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள் என்பது விதி. பழையது கருவேலங்காட்டில் கிடக்கிறது. ஆகவே இழப்பு அறிக்கை எழுதினேன். 'பொருள் எவ்வாறு தொலைந்தது?' என்ற கேள்விக்கு 'எதிரணியினர் அடிக்காததால்' என்று எழுதினேன். பொறியாளரின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. பிறகு இறங்கியது.

மைதானத்தில் ஒரு மேசை, நாற்காலி, பிளாஸ்க், கோப்பு. மட்டை பிடிக்க ஆள் இல்லை, மூன்று குச்சிகள் மட்டும். ஒவ்வொருவரும் வீசுவதற்கு முன் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, வீசிய பின் ஒரு கையெழுத்து. ஆளுக்கு ஆறு பந்து.

காதர் பாய் ஆறில் நான்கு முறை குச்சியைப் பெயர்த்தார். பாண்டிக்காரர்கள் மூவரும் சுமாராகப் போட்டார்கள். லூர்துசாமி தொப்பியைச் சரிசெய்து, சிலுவை போட்டுக்கொண்டு வீசினார். அவருடைய பந்து கிளம்பியதும் பொறியாளர் பிளாஸ்க்கைத் திறந்தார், டீ ஊற்றினார், ஒரு வாய் குடித்தார், அப்புறம்தான் பந்து வந்து சேர்ந்தது.

கடைசியில் செல்வராசு. ஓடி வந்தான், நிற்கவில்லை, கையை விட்டான். அந்தச் சந்தோஷத்தில் நான் கைதட்டியே விட்டேன். பந்து குச்சிப் பக்கமே போகாமல் நேராக மேசைக்குப் போய்ப் பிளாஸ்க்கைப் பெயர்த்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பொறியாளர் பிளாஸ்க்கை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "அப்படியா," என்றார். "இன்னும் அஞ்சு இருக்குங்க. போடுங்க."

மற்ற ஐந்தும் நான்கு திசையிலும் போயின. செல்வராசு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். "போச்சுண்ணே," என்றான் என்னிடம்.

மத்தியானம் பொறியாளர் என்னை மட்டும் கூப்பிட்டார். மேசைமேல் ஐந்து இடமாற்ற மனுக்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. ஐந்திலும் ஒரே இடத்தில் பென்சில் கோடு.

"இதைக் கொஞ்சம் படிங்க."

படித்தேன். 'நாகப்பட்டினத்து அணியுடன் நடந்த ஆட்டத்தில் மனுதாரர் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார்.'

"அடுத்ததையும் படிங்க."

அதே வரி. அதற்கடுத்ததும் அதே வரி. எனக்கு அப்போதுதான் புரிந்தது. காதர் பாயின் எட்டு விக்கெட்டை லூர்துசாமிக்காக நான் கொஞ்சம் கடன் வாங்கியிருந்தேன். வரைவில் பெயரை மாற்றினேனே தவிர அந்த எட்டை மாற்றவில்லை.

"ஒரே ஆட்டம். இவங்க அஞ்சு பேரும் ஆளுக்கு எட்டு. காதர் எடுத்தது எட்டு. ஆக நாப்பத்தெட்டு," என்றார் நிதானமாக. "அந்தப் பக்கம் எத்தனை பேருங்க ஆடுனாங்க?"

"பதினோரு பேருங்க."

"அப்படியா."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் மனுக்களை அடுக்கிக் கோப்பில் வைத்தார்.

"அஞ்சு பேரு பொய் சொன்னதாத் தெரியலீங்க. ஒருத்தர்தான் அஞ்சு தடவை சொல்லியிருக்கார். கையெழுத்து முத்து முத்தா இருக்கு." வெள்ளைத் தாள் ஒன்றை என் முன்னால் நகர்த்தினார். "நோட் போடுங்க. காதரும் பாண்டிக்காரர் ஒருத்தரும் ஓபனிங் பவுலர். மத்த ரெண்டு பாண்டிக்காரரும் மட்டை பிடிக்கட்டும். லூர்துசாமி அம்பயர், தொப்பி அவருக்குப் பொருத்தமா இருக்கு. செல்வராசு ஸ்கோர் எழுதட்டும், அவர்கிட்ட மட்டும் பந்தைக் குடுத்துடாதீங்க. ஏனாமுக்கு ஒருத்தர் போகணும். அந்தப் பேரை நீங்களே எழுதுங்க."

"யார் பேருங்க?"

"எழுதத் தெரிஞ்சவர் நீங்கதானே."

செல்வராசுவின் பெயரை எழுதியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பிளாஸ்க்கே சாட்சி. எனக்கு அப்போதுதான் பக்கத்து ஊர் நிரவியில் பெண் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். பேனாவைத் திறந்து மூடித் திறந்து உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் செல்வராசு ஓடி வந்து சொன்னது ஞாபகம் வந்தது. என் பெயரை எழுதினேன். நான் எழுதியதிலேயே அதுதான் ஆக மோசமான கையெழுத்து. அவர் ஸ்கேலை அடியில் வைத்துப் படித்தார், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். 'அப்படியா' என்று சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஏனாம் என்றதும் பெண் வீட்டார், "போயிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டார்கள். போனேன். இரண்டு வருடம் இருந்தேன். தெலுங்கில் தண்ணீர் கேட்டேன். கோதாவரியைப் பார்த்துக்கொண்டு அரசலாற்றை நினைத்தேன். இரண்டாம் வருடக் கடைசியில், அந்த ஊர்க்காரர் ஒருவரே என் இடத்துக்கு வேலைக்கு வந்ததும், எனக்கு நானே ஒரு மனு எழுதினேன். பழக்கதோஷம், 'தொடக்கப் பந்து வீச்சாளர்' என்று கை எழுதிவிட்டது. இந்த முறை உஷாராக, 'இதுவரை விக்கெட் எதுவும் எடுத்ததில்லை' என்றும் சேர்த்தேன்.

பச்சை மையில் பதில் வந்தது. 'இங்கு தொடக்கப் பந்து வீச்சாளர்கள் போதுமான அளவில் உள்ளனர். மனு நிராகரிக்கப்படுகிறது. விக்கெட் கீப்பர் தேவை.'

அன்றைய தபாலிலேயே விக்கெட் கீப்பர் ஆனேன்.

காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது செல்வராசு நின்றிருந்தான். பக்கத்தில் அவன் பிள்ளை, ஐந்து வயது இருக்கும். தன் முழங்கை வரைக்கும் வரும் இரண்டு பெரிய கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சாயந்தரம் மேட்ச் இருக்கு. ஐயா உங்களை நேரா கிரவுண்டுக்கு வரச் சொல்லிட்டாங்க," என்றான் செல்வராசு.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தான். பெட்டியோடு வந்து இறங்குகிறவன் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா, மாமா வந்துட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

வாங்கி மாட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் காதர் பாயின் மூன்றாவது பந்தில் சுண்டுவிரல் முறிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் அது நாற்பத்தொன்பதாவது விக்கெட் ஆகிவிடும். நன்றாகவே வலித்தது.